பொத்திய கைக்கும் ஒரு கட்டு வேண்டும்



சென்ற இதழில் காணி அனுமதிப்பத்திரம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு உங்களில் பலர் கடிதம் அனுப்பியிருந்தீர்கள். அவற்றுக்குரிய பதில்களை அடுத்த இதழில் தருகிறேன். இந்த மாதம் நான் செய்த ஒரு தவறைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு துணித்துண்டு சம்பந்தப்பட்ட தவறு அது.

நான் வேலை செய்யும் கிராமங்களில் ஒன்றில், பொதுநோக்கு மண்டபத்தில், ஒன்றரை வருடமாகப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் குத்துச்சண்டை பழகி வருகிறார்கள். கிழமையில் மூன்று நாட்கள், பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கும். பழக்குபவர் இளமையில் போட்டிகளில் குத்தியவர், இப்போது வயது அறுபதை எட்டுகிறது. பிள்ளைகள் அவரை "சேர்" என்பார்கள். மண்டபத்து வளையில் இரண்டு யூரியாப் பைகள் தொங்குகின்றன. உள்ளே பழைய துணியும் மரத்தூளும். அவைதான் எங்களுடைய குத்துப்பைகள்.

இதை ஆரம்பித்தபோது ஊரில் முணுமுணுப்பு வராமல் இருக்கவில்லை. "பெட்டையளுக்கு என்னத்துக்கு இந்த அடிபிடி?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. 2012 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கும் குத்துச்சண்டைப் போட்டிகள் நடந்ததையும், அதில் மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான பின்னரும் வெண்கலப் பதக்கம் வென்றதையும் சொன்னேன். 2018 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் கோல்ட்கோஸ்ட் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் எமது நாட்டின் அனுஷா கொடிதுவக்கு வெண்கலம் பெற்றதையும் சொன்னேன். அரையிறுதியில் அவரை வென்றவரும் அதே மேரி கோம்தான். ஆனால் ஒரு வயதான அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "நாங்கள் பட்ட அடி காணாதே பிள்ளை? இதுகளும் அடிபடோணுமே?" என்றார் அவர்.

பிள்ளைகள் பதக்கத்துக்காக வரவில்லை. ஏன் வருகிறாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறேன். ரியூஷன் முடிந்து வரும் வழியில் வெளிச்சம் இல்லை என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "இஞ்ச வந்தால் கத்திக் கத்திக் குத்தலாம் மிஸ். வீட்டில கத்தினா அம்மா பயப்பிடுவா."

இனி என் தவறுக்கு வருகிறேன்.

உபகரணங்கள் வாங்குவதற்குச் சிறிய தொகை ஒன்று கிடைத்தபோது, சேர் தன் கையெழுத்தில் ஒரு பட்டியல் எழுதித் தந்தார். கையுறை ஆறு சோடி, பல்லுக்குப் போடும் காப்பு பன்னிரண்டு, துள்ளும் கயிறு ஆறு, பண்டேஜ் பன்னிரண்டு சோடி. தொகை போதவில்லை. ஏதாவது ஒன்றை வெட்ட வேண்டும். நான் பட்டியலை வைத்துக்கொண்டு யோசித்தேன். பண்டேஜ்தான் முதலுதவிப் பெட்டிக்குள் இருக்கிறதே, தவிர கையுறையும் வாங்குகிறோம், பிறகு எதற்கு இத்தனை பண்டேஜ் என்று அந்த வரியைக் குறுக்கே கோடிட்டு வெட்டினேன். பட்டியலிலேயே மிகக் குறைந்த விலை அதற்குத்தான் இருந்தது. சேரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். "அடுத்த தொகை வரட்டும் சேர்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை பிள்ளைகள் முதலுதவிப் பெட்டியில் இருந்த இழுபடும் பண்டேஜைக் கையில் சுற்றிக்கொண்டார்கள். அது முடிந்ததும் சும்மா கையில் கையுறையை மாட்டிக்கொண்டு குத்தினார்கள்.

ஒரு நாள் வரவு இடாப்பில் ஒரு பிள்ளையின் கையெழுத்து வேறு மாதிரி இருந்தது. பதினாறு வயது, அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவள். எழுத்து கோணிப் போய், சின்னக் குழந்தை எழுதியதைப் போல. அடுத்த நாள் அவள் கையொப்பமிடும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். இடக்கையால் போட்டாள். வலக்கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்திருந்தாள். காட்டச் சொன்னேன். சின்னவிரல் பக்கத்துப் புறங்கை வீங்கி, நீலம் மாறி மஞ்சள் பாரித்திருந்தது. கையைப் பொத்தும்போது மேலே புடைத்து நிற்கும் மொளிகள் நான்கில் கடைசி மொளியைக் காணவில்லை. அந்த இடம் பள்ளமாக இருந்தது.

"எத்தனை நாள்?"

"ஒன்பது நாள் மிஸ்."

"ஏனம்மா மறைச்சனி?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா இனி விடமாட்டா."

அந்த அம்மாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 2009 இல், இந்தப் பிள்ளை மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது, ஷெல் துண்டு பட்டு அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மணிக்கட்டு மடங்காது. கணவர் அந்த வைகாசிக்குப் பிறகு வரவில்லை. தையல்தான் வாழ்வாதாரம். மெசினில் துணியை ஓட்டுவது இடக்கை. ஊசியில் நூல் கோப்பது, துணி வெட்டுவது, பொத்தான் தைப்பது எல்லாம் மகள். அவருடைய வலக்கை என்று மகளைச் சொன்னால் அது வெறும் பேச்சு அல்ல. ஒன்பது நாட்களாக அந்தப் பிள்ளை பொத்தான்களை இடக்கையால் தைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி நழுவியிருக்கிறாள்.

வைத்தியசாலையில் எக்ஸ்றே எடுத்தார்கள். சின்னவிரலின் அடியில் புறங்கைக்குள் இருக்கும் நீண்ட எலும்பு, மொளிக்குச் சற்றுக் கீழே, கழுத்துப் போன்ற இடத்தில் முறிந்து முன்பக்கம் சாய்ந்திருந்தது. வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எந்தச் சுவரில் குத்தினனீர்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த முறிவுக்கு வைத்திய நூல்களில் குத்துச்சண்டைக்காரரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்களாம். ஆனால் ஒழுங்காகப் பழகிய குத்துச்சண்டைக்காரருக்கு இது அதிகம் வருவதில்லை, கோபத்தில் சுவரிலும் கதவிலும் குத்துகிறவர்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது என்று அவர் விளங்கப்படுத்தினார்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். சுவரில் குத்தியவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள். பத்து வருடமாக வீடு வீடாகப் போகிற எனக்கு அது தெரியும். அதைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. அப்படிக் குத்திய பிறகு சின்னவிரல் பக்கம் வீங்கி, மொளி பள்ளமாகப் போயிருந்தால், அது சுளுக்கு அல்ல. எண்ணெய் பூசி உருவவோ இழுக்கவோ வேண்டாம். இந்தப் பிள்ளைக்கும் அம்மம்மா நான்கு நாள் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார், பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கையை உயர்த்தி வைத்துக்கொண்டு வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். ஏன் குத்தினீர்கள் என்று சொல்ல விருப்பமில்லாவிட்டால், கை அடிபட்டது என்று சொல்லுங்கள். படம் எடுப்பதற்கு அது போதும். இன்னொரு அடையாளமும் வைத்தியர் காட்டினார். விரல்களை மெதுவாக உள்ளங்கைக்குள் மடிக்கும்போது ஒரு விரல் மற்ற விரலின் மேல் ஏறிக் குறுக்கே போனால், எலும்பு முறுகிப் பொருந்துகிறது என்று அர்த்தம், அதற்குத் தாமதிக்கக் கூடாது. எங்கள் பிள்ளைக்கு அப்படி ஏறவில்லை. அரைப் பிளாஸ்ரர் போட்டு மூன்று கிழமை, பிறகு சின்னவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துக் கட்டிக் கொஞ்ச நாள், மூன்று மாதத்துக்கு எதையும் குத்தக் கூடாது என்றார். மொளி பழையபடி எழும்பாது, ஆனால் கை வேலை செய்யும். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவும் மகளும் முன்சீற்றில், நான் பின்னால். அம்மா என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டியலில் வெட்டிய கதையை வைத்தியசாலை வாங்கிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் திரும்பி ஒன்றுதான் கேட்டார். "தங்கச்சி, அந்தச் சேர் கேட்ட துணி எப்பிடித் துணி?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடமாக அந்த மண்டபத்துக்குப் போய்வருகிற எனக்கு அந்தத் துணி எப்படியானது, எதற்கானது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் சேரிடம் போய், எனக்குக் கட்டக் காட்டித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு குறையும் சொல்லாமல் தன்னுடைய பழைய சோடியைப் பையிலிருந்து எடுத்தார். முதலுதவிப் பண்டேஜ் அல்ல அது. ஏறத்தாழ இரண்டு அங்குல அகலம், நாலரை மீற்றர் நீளம், நெருக்கமாக நெய்த பருத்தி நாடா. ஒரு முனையில் பெருவிரல் நுழையும் அளவுக்கு வளையம், மறுமுனையில் ஒட்டிக்கொள்ளும் வெல்குரோ.

"கையுறை இருக்கே சேர், பிறகு ஏன் இது?" என்று அந்த நேரத்திலும் கேட்டேன்.

அவர் மூலையில் கிடந்த ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்தார். ஓர் ஈர்க்கை உருவி வளைத்துக் காட்டினார், முறிந்தது. கட்டோடு இருந்ததை வளைத்துப் பார்க்கச் சொன்னார். "அடியின்ர வேகத்தைக் குறைக்கிறது கையுறை. உள்ளுக்க இருக்கிற எலும்பை ஒரு கட்டாகப் பிடிச்சு வைக்கிறது இந்தத் துணி. கையுறைக்குள்ள கை தனித்தனி ஈர்க்குத்தான்" என்றார்.

ஒரு கையில் இருபத்தேழு எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் கூழாங்கற்கள் போல எட்டு, புறங்கைக்குள் நீளமாக ஐந்து, விரல்களில் பதினான்கு. இப்போது இந்தப் பக்கத்தை மடியில் வைத்துவிட்டு ஒன்று செய்து பாருங்கள். உங்கள் கையைப் பொத்தி, சுட்டுவிரல் மொளியை மற்றக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். அசையாது. நடுவிரல் மொளியும் அப்படித்தான். இப்போது சின்னவிரல் மொளியைப் பிடித்து அசையுங்கள். ஆடுகிறதல்லவா? பாத்திரத்தைப் பற்றவும் மண்வெட்டிப் பிடியைச் சுற்றிப் பிடிக்கவும் அந்த ஆட்டம் வேண்டும். ஆனால் குத்தும்போது அந்தப் பக்கம் பட்டால், ஆடுகிற மெல்லிய எலும்பு தாங்காது. ஆகவே குத்து விழ வேண்டியது சுட்டுவிரல், நடுவிரல் மொளிகளில். களைத்துப்போன நேரத்தில், கையை வீசிக் குத்தும்போது, மணிக்கட்டு வளைந்து சின்னவிரல் பக்கம் முந்திவிடும். எங்கள் பிள்ளைக்கு நடந்ததும் அதுதான். அதோடு யூரியாப் பையின் அடியில் மரத்தூள் இறுகிக் கல்லாகியிருந்தது. மாதம் ஒருமுறை அவிழ்த்து உதறி நிரப்ப வேண்டும் என்று இப்போது ஒழுங்கு வைத்திருக்கிறோம்.

கட்டுவதைச் சேர் எனக்கு நான்கு நாட்கள் பழக்கினார். முதல் நாள் கட்டியது கையைப் பொத்தியதும் தளர்ந்து தொங்கியது. இரண்டாம் நாள் இறுக்கிக் கட்டிவிட்டுக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடத்தில் விரல்கள் விறைத்து நுனி கறுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு நல்ல சிரிப்பு.

கட்டுகிறபோது கையைப் பொத்தக் கூடாது. விரல்களை நன்றாக விரித்து வைக்க வேண்டும், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். பொத்தும்போது கை அகலும், அந்த இடத்தை விட்டுத்தான் கட்ட வேண்டும். வளையத்தைப் பெருவிரலில் மாட்டி, துணியைப் புறங்கைப் பக்கமாகக் கொண்டுபோய் மணிக்கட்டை மூன்று தடவை சுற்றுங்கள். ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று பாதியளவு ஏறி நிற்கட்டும். பிறகு புறங்கைக்குக் குறுக்காக ஏறி மொளிகளைச் சுற்றி மூன்று தடவை. அங்கிருந்து மீண்டும் மணிக்கட்டு. இனித்தான் முக்கியமான பகுதி. மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்திலிருந்து புறங்கையால் ஏறி, சின்னவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையால் துணியை உள்ளங்கைக்குக் கொண்டுவந்து, பெருவிரல் அடிக்கு இறக்கி மணிக்கட்டைச் சுற்றுங்கள். அதேபோல மோதிரவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையால் ஒன்று, நடுவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் ஒன்று. இந்த மூன்றும்தான் எலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி அறை கொடுத்து, அதே நேரம் ஒன்றாகவும் பிடித்து வைக்கின்றன. பெருவிரலை ஒருமுறை சுற்றி மணிக்கட்டோடு இணைத்துவிடுங்கள். குத்தும்போது பெருவிரல் வெளியே இழுபட்டு அதன் அடி எலும்பு முறிவதும் உண்டு. மிச்சத் துணியை மொளிகளின்மேல் இன்னும் மூன்று சுற்று, கடைசியில் மணிக்கட்டில் முடித்து ஒட்டிவிடலாம்.

துணியில் சுருக்கம் விழக் கூடாது. சுருக்கம் இருந்த இடத்தில் கொப்புளம் வரும். கட்டி முடித்ததும் கையை விரித்தால் இலேசாகவும் பொத்தினால் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். சரி பார்க்க ஒரு வழி, விரல் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு எண்ணுவதற்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டாலும், விரல் விறைத்தாலும், ஊசி குத்துவது போல் இருந்தாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். எத்தனை தடவை என்றாலும்.

மோதிரம், காப்பு எல்லாம் கழற்ற வேண்டும். கோயில் நூல் கட்டியிருந்த ஒரு பிள்ளை அதை அறுக்க மாட்டேன் என்றாள். சேர் வற்புறுத்தவில்லை. நூலைத் தளர்த்தி முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக் கட்டினார். நான் என்றால் ஒரு விளக்கம் சொல்லி அறுக்க வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது லொயிக் வக்கான் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளரைப் பற்றி ஒரு விரிவுரை நடந்தது. அவர் 1988 இல் சிக்காகோ நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்து, மூன்று வருடம் தானும் குத்திப் பழகி அதைப் பற்றி எழுதியவர். உடம்பால் கற்பதைப் புத்தகத்தால் கற்க முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பரீட்சையில் அதை மூன்று பக்கம் எழுதி நல்ல புள்ளியும் எடுத்தேன். விரல் நுனி கறுத்து நின்ற அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் விளங்கியது.

ஒரு பின்னேரம் சிறிய பிள்ளை ஒருத்தி, மொளிக்கு மேலே கைக்குட்டையை மடித்து வைத்துக் கட்டினால் நோகாதல்லவா என்று கேட்டாள். பயிற்சிக்கு என்றால் மெல்லிய மடிப்பு வைக்கலாம், போட்டியில் கட்டை அதிகாரிகள் பரிசோதிப்பார்கள் என்று சொன்ன சேர், ஒரு கதையும் சொன்னார். 2009 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், அன்ரோனியோ மார்கரிட்டோ என்ற மெக்சிக்கோ வீரர் ஷேன் மோஸ்லியுடன் மோத இருந்த நேரம். மோஸ்லியின் பயிற்றுநர் எதிராளியின் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவிழ்க்கச் சொல்லிப் பிடிவாதமாக நின்றார். அவிழ்த்தபோது உள்ளே பிளாஸ்ரர் போன்ற கடினமான பொருள் பூசிய பஞ்சு இருந்தது. தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் மார்கரிட்டோ. ஆயினும் அவருடைய அனுமதிப்பத்திரத்தை ஒரு வருடத்துக்கு இரத்துச் செய்தார்கள். எதிராளியின் கட்டில் சந்தேகம் வந்தால் அதிகாரிகளிடம் சொல்லக் கூச்சப்படக் கூடாது என்பதற்காகச் சேர் இதைச் சொன்னார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்கு அந்தத் திகதியில் மனம் நின்றுவிட்டது. அப்போது எனக்குப் பதினாறு வயது. அந்த ஜனவரியில் நாங்கள் எந்த வீதியில், எதைச் சுமந்துகொண்டு நடந்தோம் என்று இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உலகத்தின் ஒரு மூலையில் ஒரு மனிதனின் கை காயப்படுத்தக் கூடாது என்று இன்னொரு மனிதன் கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்கிறான்.

பிளாஸ்ரர் வெட்டிய கிழமையில் அந்த அம்மா மகளோடு மண்டபத்துக்கு வந்தார். இனி என் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று சேரிடம் நேரில் சொல்ல வருகிறார் என்றுதான் நினைத்தேன். வந்தவர் வாசல்படியில் இருந்துகொண்டு, சேர் ஒரு பிள்ளைக்குக் கட்டுவதை முழுதாகப் பார்த்தார். முடிந்ததும், "காயத்துக்கு இப்பிடிக் கட்டக் கூடாது, அழுகிப்போகும்" என்றார்.

"காயத்துக்கு இல்லை அக்கா" என்றேன்.

"தெரியுது. எத்தினை பேருக்குக் கட்டினனான். சீலையைக் கிழிச்சுக் கிழிச்சு. காயம் வர முந்திக் கட்டிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. அவர் எழுந்து வந்து சேரின் நாடாவை வாங்கி, விரலால் உருட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். பிறகு தொழில் பேச்சுத்தான். இதை இங்கேயே தைக்கலாம் என்றார். நூல் சேலையாக இருக்க வேண்டும், நைலோன், பொலியெஸ்ரர் சேலை வழுக்கும், வியர்வையும் உறிஞ்சாது. சேலையின் நீளப் பக்கமாக, பாவு ஓடும் வழியில் கிழிக்க வேண்டும். குறுக்கே கிழித்தால் நீளமும் வராது, இழுபட்டும் போகும். அகலம் இரண்டு அங்குலம். ஓரத்தை மடித்துத் தைத்தால் தடித்து விரலிடையை வெட்டும், ஆகவே மடிக்காமல் சிக்சாக் தையல் மட்டும். ஒரு சேலையில் முந்தானையையும் பழுதான இடத்தையும் நீக்கினாலும் இருபது நாடா வரை எடுக்கலாம் என்று கணக்குச் சொன்னார். அதாவது பத்துச் சோடி. என் பட்டியலில் நான் வெட்டியது பன்னிரண்டு சோடி.

இப்போது எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் இரண்டு சோடி இருக்கிறது. மாரியில் ஒன்று காய ஒரு நாள் போதாது, அதற்காக இரண்டு. ஒருவருடையதை மற்றவர் கட்டுவதில்லை. வியர்வைத் துணியால் படர்தாமரை பரவும். ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, காய்ந்ததும் வளையம் வெளியே நிற்கத் தக்கதாகச் சுருட்டி வைக்கிறார்கள். போட்டிக்குப் போகும்போது விதிப்படியான நாடாதான் பாவிக்க வேண்டும், அதற்காக நான்கு சோடி கடையில் வாங்கியிருக்கிறோம். அடுத்த வருட உத்தேசச் செலவுப் பட்டியலில் பண்டேஜ் என்ற சொல்லை நான் எழுதவில்லை. "குத்துச்சண்டைக் கைநாடா, பருத்தி, 4.5 மீற்றர்" என்று எழுதியிருக்கிறேன். மேசைக்கு முன்னால் இருந்து பட்டியலைப் பார்க்கிறவருக்கு என்னைப் போல விளங்கிவிடக் கூடாதல்லவா.

அந்தப் பிள்ளை பரீட்சையைத் தன் வலக்கையால் எழுதினாள். கணிதப் பாடத்தின் கடைசி அரை மணித்தியாலம் கை உளைந்ததாகச் சொன்னாள். மூன்று மாதம் முடிந்து, வைத்தியர் சரி சொன்ன பிறகு, சென்ற கிழமை முதல் தடவையாகத் திரும்பவும் பைக்கு முன்னால் நின்றாள். அன்றைக்கு அவளுக்குக் கட்டியது அம்மா. மூன்று விரலுள்ள கையால் துணியை ஓட்டி, தேவையான இடத்தில் பல்லாலும் பிடித்துக்கொண்டு, சேர் செய்வதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக் கட்டினார். பள்ளமாகிப்போன மொளியின்மேல் ஒரு சுற்றுக் கூட. பிறகு பத்து நகங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

மாவட்டத் தெரிவுப் போட்டிக்குப் பெற்றோர் ஒப்பமிட வேண்டிய படிவத்தை இரண்டு கிழமைக்கு முன்னரே அவரிடம் கொடுத்திருந்தேன். அது இன்னும் தையல் மெசின் லாச்சிக்குள், ஊசிப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. நான் கேட்கவில்லை. கடைசித் திகதி வரும் வெள்ளிக்கிழமை.